பின்படியில் யாருமில்லை

கடைசிப் பிள்ளையின் மூச்சு சீராகும்வரை கிருஷ்ணகுமாரி தொட்டில் சேலையிலிருந்து கையை எடுக்கமாட்டாள். ஆட்டுவதை நிறுத்திய பிறகும் இரண்டு விரல்கள் சேலையின் ஓரத்தில் இருக்கும். பிறகு ஒரு விரல். அதையும் மெதுவாக எடுத்துவிட்டு, தொட்டிலைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து வருவாள். கதவுக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, தூக்கினபடியே சாத்துவாள். தூக்காமல் சாத்தினால் அந்தக் கதவு ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும். கீல் இரண்டும் தேங்காயெண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருக்கின்றன. அது அவள் தலைக்கு வைக்க வேண்டிய எண்ணெய்.

பிறகு உள்ளேயே பின்பக்க ஜன்னலுக்குக் கீழே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

"அலோ! அலோ! கேக்குதா? ஆ, எனக்குக் கேக்குது! ஒனக்குக் கேக்குதா?"

உள்ளே ஒரு தொட்டில் அசையும்.

"கேக்குதுடா பாவி. தொட்டில்ல கெடக்குற புள்ளைக்குக் கேக்குது. பலாங்கொடை டவுன்ல மீன் விக்கிறவனுக்கும் கேக்குது. ஒன் மச்சானுக்கு மட்டுந்தான் கேக்கல. அவன் காதுல என்னா, கட்டையா அடிச்சு வச்சிருக்கான்?"

இதை அவள் கத்திச் சொல்வதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகத் தூங்குகிற பிள்ளைகளுக்கு நடுவில் சண்டை போட்டுச் சண்டை போட்டு, அவளுடைய வசவு முழுவதும் குசுகுசுப்பாக மாறிவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கும், கண் வெளியே வரும், கை ஓங்கும். சத்தம் மட்டும் அடுப்பில் ஈர விறகு சீறுகிற அளவுதான். கத்துகிற பொம்பிளைக்குப் பயப்படாத ஆண்கள்கூட அந்தச் சீறலுக்குப் பத்தடி தள்ளிப் போவார்கள். போய், அங்கே சிக்னல் இல்லையென்று திரும்பி வருவார்கள்.

சிக்னல்தான் எல்லாக் கேடுகளுக்கும் காரணம். பலாங்கொடையிலிருந்து ஏறிவரும் பஸ் மூச்சு வாங்கித் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே இருக்கிறது இந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு. எதிர் மலையில் டவர் எழும்பியபோது, இனி வீட்டுக்குள் இருந்தே பேசலாம் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் போன் வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது. லயத்தில் இல்லை. கோயிலடியில் இல்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் ஒரு கோடு வந்து, கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். அசையாமல் மூன்று கோடு நிற்கிற இடம் மேற்கணக்கு முழுவதிலும் ஒன்றே ஒன்று: கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா, அதன் பின்படி.

நேரமும் அப்படியே அமைந்தது. பெண்கள் நாலரை மணிவரை மலையில் கொழுந்தெடுக்கிறார்கள். ஆண்கள் செடி கவ்வாத்து வெட்டுவதையும் கான் தோண்டுவதையும் முடித்துவிட்டு ஒரு மணிக்கே இறங்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் தூங்குகிற நேரமும் அதுதான். ஆகவே தோட்டத்தின் மொத்த ஆம்பிளை வாயும் தினமும் அந்தத் தூக்கத்தின் தலைமாட்டில் வந்து திறக்கிறது.

அவர்கள் ஒவ்வொருவரையும் கிருஷ்ணகுமாரி குரலை வைத்தே அறிவாள். கொழும்புக்குப் பேசுகிறவன் ஒரு சத்தம் போடுவான். கட்டாருக்குப் பேசுகிறவன் கடலைத் தாண்ட வேண்டும் என்று மூன்று சத்தம் போடுவான். ஒருவன் போன் அடித்தவுடன் எடுக்கவே மாட்டான். அதிலிருக்கிற பாட்டு பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகட்டும் என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான், பிறந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. இன்னொருவன் மிஸ்கோல் மட்டுமே கொடுப்பான். மறுபக்கத்துக்காரனும் மிஸ்கோல்தான் கொடுப்பான். பகல் முழுவதும் இரண்டு போனும் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருக்கும். கீழே ரோட்டில் ராணுவ ஜீப் சத்தம் கேட்டால் போதும், எல்லோருடைய தமிழும் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். "ஹரி ஹரி, மங் பஸ்ஸே கதா கரன்னங்" என்று பிறகு பேசுவதாகச் சிங்களத்தில் சொல்வார்கள். மறுமுனையில் வவுனியாவில் கட்டிக்கொடுத்த அக்கா இருப்பாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. தப்பான நம்பர் என்று வைத்துவிடுவாள்.

"அந்த நேரத்துக்கு மட்டும் மெதுவாப் பேசத் தெரியுதுல்ல? ஜீப்புக்குப் பயந்தா வாய் அடங்குது. பச்சப்புள்ளைக்கு அடங்காதாடா?"

படியில் யாரும் உட்காரக்கூடாதென்று பிள்ளைகள் கால் கழுவிய தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தாள். சாரத்தை மடித்துக்கொண்டு குந்தினார்கள். சாணியைக் கரைத்து ஊற்றினாள். சாக்கை விரித்துக்கொண்டு குந்தினார்கள். தோட்டத்து ஆபீஸில் போய்ச் சொன்னதற்கு, பெரிய கிளாக்கர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "காத்துல வர்றதை நான் எப்படித் தடுக்கிறது குமாரி?" என்றார். அப்போது அவர் கையிலும் ஒரு போன் இருந்தது. மறுநாளே அவரும் பின்படிக்கு வந்தார்.

போன்மீது அவளுக்குப் பகையில்லை. "அது என்னா செய்யும், பாவம்? மூடி வச்சா மூடிக்கும். இவனுங்க வாய்க்குத்தான் மூடி செய்யாம விட்டுட்டான் ஆண்டவன்."

சாயங்காலம் இதே படியைப் பார்த்தால் வேறு இடமோ என்று தோன்றும். கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளை தூக்க வருகிற பெண்களுக்கு அவள் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறாள். ஒருத்தி பேசும்போது மற்றவர்கள் அவளுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இடுப்பிலிருக்கும் பிள்ளையையும் அந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அழுது முடித்து அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டபிறகுதான் திரும்பலாம். திரும்பியபின் "என்னா சேதி?" என்று எவளும் கேட்கக்கூடாது. ஈரக்கூடையைத் தலையில் மாட்டிய ஏழெட்டுப் பேர் தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி வரிசையாக நிற்க, நடுவில் ஒருத்தி மட்டும் படியில் குந்தி, உள்ளங்கையால் வாயை மறைத்துத் தன் மகனிடம் பேசிக்கொண்டிருப்பாள். நாலு சுவர் இல்லாத ஒரு அறையை முதுகுகளால் கட்டிக்கொடுக்கிறார்கள்.

ஆண்களுக்கு அந்த அறையைக் கட்டத் தெரியவில்லை. அதிலும் முத்துவீரனுக்குத் தெரியவே தெரியாது.

முத்துவீரன் கவ்வாத்துக்காரன். சட்டைப் பையில் ஒரு சைனா போன் வைத்திருக்கிறான். அடித்தால் பைத் துணிக்குள் சிவப்பும் நீலமும் மாறி மாறி எரியும். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை மடித்து உள்ளே வைத்த மாதிரி அதற்குச் சத்தம். காதில் வைத்து அவன் பேசியதை யாரும் கண்டதில்லை. "காதுல வச்சா சூடாவுது" என்பான். அவன் மனைவி ஷாமிளா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மூன்று வயது முடியாத மகன் தினேஷ் கிருஷ்ணகுமாரியின் காம்பராவில், பின்சுவரை ஒட்டிய தொட்டிலில் தூங்குவான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஷாமிளா தூங்கியதும் அதே உத்தரத்தில் தொங்கிய தொட்டிலில்தான். அவளையும் ஆட்டியது கிருஷ்ணகுமாரியின் கைதான்.

குவைத் வீட்டு மேடம் கடைக்குப் போகிற நேரம் பார்த்து ஷாமிளா கோல் எடுப்பாள். இங்கே அது ஒரு மணி தாண்டிய நேரம். முத்துவீரன் போனைப் பச்சைத் தேங்காய் மாதிரி உள்ளங்கையில் ஏந்தி ஸ்பீக்கரைப் போடுவான். சுற்றியிருப்பவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு நெருங்கி உட்காருவார்கள்.

அவள் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"யாருமில்ல. நீ சொல்லு."

ஜன்னலுக்கு உள்ளே கிருஷ்ணகுமாரிக்கு அந்த இடத்தில்தான் உடம்பு எரியும். அந்தப் பொய்யைக் கேட்டுப் படியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடிப்பார்கள். ஷாமிளா நம்பிச் சொல்வாள். வயிற்று வலியைச் சொல்வாள். ராத்திரி அவன் நினைப்பு வந்ததைச் சொல்வாள். புருஷன் காதுக்கென்று ஒருத்தி வைத்திருக்கிற சொற்களையெல்லாம் சொல்வாள். மறுநாள் அந்தச் சொற்கள் லயத்து வாசலில் நடமாடும். முத்துவீரனைக் கண்டால் வாலிபர்கள் குரலை மெலிதாக்கி, "எஞ் சாமி, சாப்ட்டீங்களா?" என்பார்கள். அவனும் சிரிப்பான். அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஒருநாள் கிருஷ்ணகுமாரி அவனைத் தனியாகப் பிடித்துச் சீறினாள்.

"டேய், அவ ஒங்கிட்ட பேசுறாளா, இல்ல ஊருக்குக் கூத்து ஆடுறாளா?"

"எம் பொண்டாட்டி, எம் போனு. ஒனக்கென்னா குமாரிக்கா?"

"யாருமில்லன்னு சொல்றியே, நாக்கு அழுகலியா?"

"சும்மா ஒரு தமாசுக்கு. அவளுக்குத் தெரியவா போவுது?"

"தெரியாதுங்கிறதுக்காகப் பொண்டாட்டிய நடுரோட்டுல துணி மாத்தவா சொல்லுவ?"

அவன் போனைத் தட்டிச் சிவப்பையும் நீலத்தையும் எரியவிட்டுக்கொண்டே போனான்.

போன வருஷம் மழை வலுத்திருந்த ஒரு புதன்கிழமை. கூரைத் தகரத்தில் மழை கொட்டியதில் பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள். நனையாமல் நிற்க வேறு இடமில்லாததால் பின்படியிலும் கூரை இறவாணத்திலும் வழக்கத்தைவிடக் கூட்டம். அன்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் நாகலிங்கமும் வந்திருந்தார். டவுனில் சங்க ஆபீஸுக்குப் பேச வேண்டியிருந்தது. அவருக்குப் படியில் இடம் விட்டார்கள். முத்துவீரனின் சட்டைப் பை எரிந்தது. எடுத்தான், ஸ்பீக்கரைப் போட்டான்.

"கொஞ்சம் நகந்து ஒக்காருங்கப்பா, சாரல் அடிக்குது" என்று நாகலிங்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷாமிளாவின் குரல் வந்துவிட்டது.

"பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"யாருமில்ல. சொல்லு."

யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். வழக்கமான குரலில் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னாள்.

"இந்த வீட்டுப் பெரிய பையன் என் ரூம் கதவத் தட்டுறான். தெனமும் தட்டுறான். தாப்பாள ஒடச்சிட்டான். நான் கட்டில இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுத் தூங்காம ஒக்காந்திருக்கேன். ஏஜென்சிக்காரன் போன எடுக்கிறான் இல்ல. என்னை இங்கருந்து..."

படியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் எவனும் எழுந்து போகவில்லை. தலைகள் இன்னும் கொஞ்சம் குனிந்தன. முத்துவீரனின் கட்டைவிரல் ஸ்பீக்கரை நிறுத்துகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அழுத்தவில்லை. அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரிக்கு அந்த விரலை ஒடித்துப் போடலாம் போலிருந்தது. தான் தொட்டிலில் ஆட்டிய பிள்ளை இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் தன் கதவு உடைந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்வது யாருக்கென்றுகூட அவளுக்குத் தெரியாது.

முக்காலி உருண்டது. கதவைத் தூக்காமல் இழுத்தாள், அது அலறியது. இருபது வருஷமாக அந்தக் காம்பரா கேட்டிராத குரல் ஒன்று அவள் தொண்டையிலிருந்து வெளியே வந்தது.

"ஷாமிளா! பேசாத! வாய மூடிக்கடி! ஸ்பீக்கர்ல போட்டிருக்கான் படுபாவி! தலைவரு மொதக்கொண்டு ஊரே ஒக்காந்து கேக்குது!"

அந்தப் பக்கம் ஷாமிளா டொக்கென்று போனை வைத்துவிட்டாள். உள்ளே எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விழித்து அழத் தொடங்கின.

நாகலிங்கம் எழுந்து சாரத்தை உதறிக் கட்டினார். அவர் முகம் யாரையும் பார்க்கவில்லை. "நாங்க ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். "இந்த மழையில என்னா கேக்கும்?"

"ஆமாக்கா, ஒண்ணும் கேக்கல" என்றான் இன்னொருவன்.

"எங்க கேட்டுச்சு? ஒரே எரைச்சல்."

"கேக்கலைன்னா கேக்கலதான்" என்றாள் அவள். "அப்படியே இருக்கட்டும். இதுல ஒரு சொல்லு லயத்துப் பக்கம் வந்துச்சு, வந்த வாய அடுப்புச் சாம்பல வச்சுத் தேய்ப்பேன். தலைவரே, ஒங்களுக்குஞ் சேத்துத்தான் சொல்றேன்."

தலைவர் தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

ஒரு சொல்லும் வரவில்லை என்பதுதான் அதிசயம். ஒரு காம்பராவில் கறி தாளித்தால் பத்துக் காம்பராவுக்கு மணக்கிற லயத்தில், அந்தப் பேச்சு மட்டும் எந்தச் சுவரையும் தாண்டவில்லை. கேட்டவர்கள் கேட்காதவர்களாகவே இருந்தார்கள். தங்களுக்குள்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்குப் பிறகு பின்படியில் எவன் ஸ்பீக்கரைப் போட்டாலும் மற்றவர்கள் எழுந்து முதுகு காட்டினார்கள். பெண்களுக்கு மட்டும் இருந்த வழக்கம் ஆண்களுக்கும் வந்துவிட்டது.

ஷாமிளா அதற்குப் பிறகு அந்தப் போனுக்குக் கோல் எடுக்கவில்லை. முத்துவீரன் ஒரு மணிக்கு வந்து உட்கார்ந்து, அணைந்த சட்டைப் பையோடு எழுந்து போவான். "எம் பொண்டாட்டி போன குமாரி வெட்டிவிட்டுட்டா. காம்பராவுலருந்து அவளத் தூக்குங்க" என்று ஆபீஸில் முறையிட்டான். பெரிய கிளாக்கர் கூப்பிட்டு விசாரித்தார்.

"பிள்ளைகளப் பாத்துக்கத்தானே என்னை வச்சிருக்கீங்க?" என்றாள் கிருஷ்ணகுமாரி. "ஷாமிளாவும் இந்தக் காம்பராப் பிள்ளைதாங்க. பாத்துக்கிட்டேன். இது தப்புன்னா இப்பவே சாவியத் தர்றேன், வாங்கிக்கங்க."

கிளாக்கர் சாவியை வாங்கவில்லை. லயத்தில் சில பேர் அவளைத் திட்டினார்கள். பிள்ளை தாயின் குரலை மறந்துவிடுமே என்றார்கள். அவள் அசையவில்லை. தினேஷ் அழுகிற பகல்களில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்படிக்குப் போய், அங்கே குந்தியிருப்பவர்கள்மேல் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சீறுவாள்.

ஷாமிளா இந்த வருஷம் மழைக்கு முன்னால் திரும்பி வந்தாள். அந்த வீட்டின் மேல்மாடியிலிருந்து குதித்து, தூதரகத்தில் பல மாதம் கிடந்து, யாரோ டிக்கெட் போட்டுக் கொடுத்து வந்திருக்கிறாள். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். வந்த மறுநாள் பகல், மகனைப் பார்க்கப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். பின்படியில் போனோடு நின்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தது இவ்வளவுதான்: தினேஷ் தொட்டிலில் தூங்குகிறான். ஷாமிளா முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கிருஷ்ணகுமாரி தரையில் உட்கார்ந்து, அவளுடைய இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருக்கிறாள். பார்த்தவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்குச் சற்று முன்னால் உள்ளே நடந்த பேச்சு பல நாள் கழித்துத்தான் தெரியவந்தது. "அன்னைக்கு ஒம் மானத்தக் காப்பாத்திட்டேன்டி. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்கல" என்று கிருஷ்ணகுமாரிதான் ஆரம்பித்திருக்கிறாள்.

பிள்ளைகள் தூங்குகிற நேரம் என்பதால் ஷாமிளா மெதுவாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஸ்பீக்கருன்னு எனக்கு மொதல்லருந்தே தெரியும், குமாரிம்மா. எம் பேச்சு எனக்கே திரும்பிக் கேக்கும். அவனுங்க சிரிக்கிறதும் கேக்கும். யாருமே இல்லாத நாளும் இருக்கும்ல, அப்பவெல்லாம் இவருகிட்ட கதவு விசயத்தச் சொன்னேன். ரெண்டு வருச அக்ரிமெண்ட முடிச்சிட்டு வா, வெளிய சொல்லாதன்னாரு. அன்னைக்குத் தலைவர் குரல் கேட்டுச்சு. அவரு காதுல விழுந்தா ஏஜென்சி வாசல்ல போய் நிப்பாருன்னு நெனச்சேன். நீங்க கத்துனப்புறம் ஸ்பீக்கரு தெரியாத மாதிரி எப்படிப் பேசுறது? வச்சிட்டேன். நான் இவருக்குச் சொல்லல குமாரிம்மா. ஊருக்குத்தான் சொன்னேன்."